ஒரே உதை, மூன்று பரம்பரை: பிள்ளையை எந்த டேக்வாண்டோவில் சேர்ப்பது?

போன ஆகஸ்டில் அக்கா வாட்ஸ்அப்பில் மூன்று நோட்டீஸ்களைப் படம் பிடித்து அனுப்பினாள். இரண்டு வகுப்புகள் உறையூரில் அவள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில். மூன்றாவது தில்லைநகரில். முதல் நோட்டீஸில் "ஒலிம்பிக் டேக்வாண்டோ" என்று இருந்தது. இரண்டாவதில் "ஒரிஜினல் டேக்வான்-டோ, ஐடிஎஃப்". மூன்றாவதில் "கொரியன் கராத்தே, டாங் சூ டோ". கீழே அக்காவின் கேள்வி: "பாப்பாவ எதுல சேர்க்கட்டும்டா? எல்லாம் ஒண்ணுதானே?"

பாப்பாவுக்கு ஒன்பது வயது. பள்ளியில் யாரோ ஒரு அண்ணன் மெடலோடு வந்து நின்றதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கும் ஒரு மெடல் வேண்டுமாம். நான் உடனே பதில் போடவில்லை. இந்தக் கேள்விக்கு யாரும் எனக்குச் சரியான பதில் சொல்லாமல் போனதால் என் ஆறு வருஷம் வேறு மாதிரி முடிந்தது.

நான் எட்டாம் வகுப்பிலிருந்து ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் டேக்வாண்டோ கற்றேன். மாஸ்டர் நல்ல ஆசான். கால் எப்படித் திரும்ப வேண்டும், இடுப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதையெல்லாம் பொறுமையாகச் சொல்லித் தருவார். முதல் மூன்று வருஷம் "டுல்" என்று சொல்லி ஒரு வகை அடவு வரிசைகளைக் கற்றோம். ஒரு கோடை விடுமுறை முடிந்து போனால், "இனிமேல் அது வேண்டாம், பூம்சே கத்துக்கோங்க" என்றார். அது வேறொரு வகை அடவு வரிசை. சட்டையும் மாறியது. முன்பக்கம் திறக்கிற சட்டை போய், தலை வழியாக மாட்டுகிற சட்டை வந்தது. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. மாஸ்டரிடம் கேட்கிற வழக்கம் இல்லை. கடைசியில் கறுப்பு பெல்ட் வாங்கினேன். தங்க முத்திரை போட்ட பெரிய சான்றிதழ். கல்லூரியில் பல்கலைக்கழக அணிக்கான தேர்வுக்குப் போனபோது அங்கிருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குக்கிவோன் நம்பர் எங்க தம்பி?" என்றார். குக்கிவோன் என்பது சியோலில் இருக்கிற டேக்வாண்டோ தலைமைக்கூடம், அங்கிருந்து வரும் சான்றிதழில் ஓர் எண் இருக்கும். என்னுடையதில் நம்பர் இல்லை. மாஸ்டர் ஒரு சங்கத்திலிருந்து விலகி இன்னொன்றில் சேர்ந்து, அதிலிருந்தும் விலகி, சொந்தமாக அச்சடித்துக் கொடுத்த சான்றிதழ் அது. என் உதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மேஜையில் உதைக்கு மதிப்பில்லை, தாளுக்குத்தான் மதிப்பு.

அதனால்தான் அக்காவிடம் "எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவளுக்கு விளக்கினேன். அன்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

பெயர் வந்த கதை

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அப்போது ஜப்பானுக்குப் படிக்கப் போன கொரிய இளைஞர்கள் சிலர் அங்கே கராத்தே கற்றார்கள். அவர்களில் ஒருவரான லீ வோன் குக், ஷோட்டோகான் கராத்தேயின் ஆசான் ஃபுனகோஷியிடம் பயின்றவர். ஊர் திரும்பி 1944இல் சியோலில் சுங் டோ குவான் என்ற கூடத்தைத் தொடங்கினார். குவான் என்றால் கூடம். நம் ஊரில் சிலம்பக்கூடம் என்கிறோமே, அது மாதிரி. விடுதலைக்குப் பிறகு இப்படிப்பட்ட கூடங்கள் பெருகின. 1945இல் ஹ்வாங் கீ என்பவர் மூ டுக் குவானைத் தொடங்கினார். ஒவ்வொரு கூடத்துக்கும் ஓர் ஆசான், அவரவருக்கு ஒரு வழி, கற்றுத் தருவதற்கு ஒரு பெயர்.

சிலர் அதை டாங் சூ டோ என்றார்கள், சிலர் கோங் சூ டோ என்றார்கள். இரண்டுமே "கராத்தே" என்ற சொல்லின் கொரிய உச்சரிப்புதான். கராத்தே என்பதை முன்பு "டாங் நாட்டுக் கை", அதாவது சீனக் கை என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதினார்கள். ஜப்பானில் தேசிய உணர்வு உச்சத்தில் இருந்த 1930களில் அதை "வெறுங்கை" என்று பொருள்படும் எழுத்துகளுக்கு மாற்றினார்கள். 1936 அக்டோபரில் ஒக்கினாவாவின் நாஹா நகரில் ஆசான்கள் கூடிப் பேசி ஏற்றுக்கொண்ட மாற்றம் அது. ஓசை மாறவில்லை, எழுத்து மட்டும் மாறியது. கொரியாவில் பழைய எழுத்தைப் பிடித்துக்கொண்டவர்களின் கலை டாங் சூ டோ ஆனது, புதிய எழுத்தை எடுத்தவர்களின் கலை கோங் சூ டோ ஆனது. ஆக, டேக்வாண்டோவின் பெயர்ச் சண்டை கராத்தேயின் பெயர்ச் சண்டைக்குப் பிறந்த பிள்ளை.

1950களில் ராணுவத் தளபதியாக இருந்த சோய் ஹோங் ஹிக்கு இரண்டு பெயருமே உறுத்தின. விடுதலை பெற்ற நாட்டின் ராணுவம், தன் நாட்டை ஆண்ட ஜப்பானியரின் மொழிப் பெயரை ஏன் சுமக்க வேண்டும்? அந்தக் காலத்தில் அதிபர் சிங்மன் ரீ முன்னிலையில் நடந்த செய்முறையில் நாம் டே ஹி என்ற வீரர் 13 கூரை ஓடுகளை ஒரே குத்தில் உடைத்தார். பார்த்துக்கொண்டிருந்த அதிபர், "இது நம்ம டேக்கியோன்தானே" என்றாராம். டேக்கியோன் கொரியாவின் பழைய கால் விளையாட்டு. கராத்தேயோடு அதற்கு உறவில்லை. ஆனால் அதிபர் வாயிலிருந்து ஒரு பெயர் வந்துவிட்டது. அதற்கு நெருக்கமான ஓசையில் ஒரு சொல் தேடினார்கள். 1955 ஏப்ரல் 11 அன்று கூடிய குழுவில் "டேக்வாண்டோ" ஏற்கப்பட்டது. டே என்றால் காலால் தாக்குவது, குவோன் என்றால் முஷ்டி, டோ என்றால் வழி. அதை முன்மொழிந்தது சோய்தான் என்பது பரவலான கருத்து. மற்றக் கூடங்களைச் சேர்ந்த சிலர் அதையும் மறுக்கிறார்கள்.

பெயர் வைத்ததும் எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1961இல் ராணுவ ஆட்சி வந்து எல்லாக் கூடங்களையும் ஒரே சங்கத்துக்குள் வரச் சொன்னபோது சமரசமாக "டே சூ டோ" என்று ஒரு பெயரை ஒட்டினார்கள். டேக்வாண்டோவிலிருந்து "டே", டாங் சூ டோவிலிருந்து "சூ". 1965இல் சோய் சங்கத் தலைவராகி, டேக்வாண்டோ என்ற பெயரைத் திரும்பக் கொண்டுவந்தார். அடுத்த வருஷமே அந்தப் பதவியை இழந்தார். 1966 மார்ச் 22இல் சியோலில் அவர் தொடங்கிய அமைப்புதான் ஐடிஎஃப், அதாவது பன்னாட்டு டேக்வான்-டோ கூட்டமைப்பு.

அதற்குப் பிறகு நடந்தது விளையாட்டைவிட அரசியல் அதிகம். தென்கொரியாவின் பார்க் சுங் ஹி ஆட்சியோடு மோதல் முற்றி சோய் 1972இல் கனடாவுக்குப் போனார். அமைப்பையும் கையோடு எடுத்துப் போனார். அதே வருஷம் நவம்பரில் சியோலில் குக்கிவோன் என்ற தலைமைக்கூடம் திறக்கப்பட்டது. 1973 மே மாதம் உலக டேக்வாண்டோ கூட்டமைப்பு பிறந்தது. 1980இல் சோய் தம் வீரர்களோடு வடகொரியாவுக்குப் போய்ச் செய்முறை காட்டினார். தெற்கில் அவர் துரோகி ஆனார். வடக்கில் பிறந்து, தெற்கின் ராணுவத்தைக் கட்டி, கனடாவில் வாழ்ந்து, 2002 ஜூன் 15இல் பியோங்யாங்கில் இறந்தார். டாங் சூ டோவை விடாமல் பிடித்திருந்த ஹ்வாங் கீ ஒரு மாதம் கூட ஆகாமல் ஜூலை 14இல் அமெரிக்காவில் இறந்தார். ஒரே நாட்டுக் கலையின் இரண்டு பெரியவர்களும் கடைசி மூச்சை விட்டது சியோலில் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

ஒலிம்பிக் டேக்வாண்டோ

இன்று உலகில் பெரும்பான்மை இதுதான். 1988 சியோலிலும் 1992 பார்சிலோனாவிலும் செய்முறை விளையாட்டாக இருந்து, 2000 சிட்னியில் பதக்க விளையாட்டானது. கூட்டமைப்பு 2017இல் தன் பெயரிலிருந்து "கூட்டமைப்பு" என்ற சொல்லை எடுத்துவிட்டு "வேர்ல்டு டேக்வாண்டோ" ஆகிவிட்டது. பழைய ஆங்கிலச் சுருக்கமான WTF இணையத்தில் ஒரு கெட்ட வார்த்தையாகிப் போனதுதான் காரணம். நம் ஊர்ப் பள்ளி, கல்லூரிப் போட்டிகளில் டேக்வாண்டோ என்று நடப்பதும் இந்த விதிகளின்படிதான்.

மோதலில் எதற்கு எத்தனை புள்ளி என்று பார்த்தாலே இந்த வழியின் குணம் தெரிந்துவிடும். மார்புக் கவசத்தில் குத்தினால் 1. அதே இடத்தில் உதைத்தால் 2. தலைக்கு உதை போனால் 3. சுழன்று உதைத்தால் இன்னும் 2 கூடும். தலையில் கையால் குத்தக் கூடாது. ஆகவே பிள்ளைகள் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, முன்காலைத் தூக்கி வாள்வீச்சு மாதிரி ஆடுவார்கள். மின்னணுக் கவசம் வந்த பிறகு இது இன்னும் கூடிவிட்டது. பார்க்க அழகு, உடம்புக்கு நல்லது, வேகமும் சமநிலையும் வரும். தற்காப்பு என்று நினைத்துச் சேர்த்தால் கை வேலையில் குறை இருக்கும்.

இந்த வழியின் பெரிய பலம் தாள்தான். டான், அதாவது கறுப்பு பெல்ட் தரநிலைக்கான சான்றிதழ் குக்கிவோனிலிருந்து எண்ணோடு வருகிறது, அந்த எண்ணை அவர்களிடமே சரிபார்க்கலாம். மாஸ்டர் ஊரை விட்டுப் போனாலும், சங்கத்தோடு சண்டை போட்டாலும், பிள்ளையின் எண் பிள்ளையிடம் இருக்கும். இன்னொன்றும் பெற்றோருக்குத் தெரிய வேண்டும்: 15 வயது ஆகாதவர்களுக்குக் குக்கிவோன் டான் கொடுப்பதில்லை. பூம் என்று ஒன்றைக் கொடுக்கிறது. பாதி சிவப்பு, பாதி கறுப்பு பெல்ட். 15 ஆனதும் அதை டானாக மாற்றிக்கொள்ளலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு "குக்கிவோன் பிளாக் பெல்ட், ஃபர்ஸ்ட் டான்" என்று யாராவது சொன்னால் அங்கேயே கேள்வி கேளுங்கள்.

இந்த வழியிலும் அழுக்கு இல்லாமல் இல்லை. கூட்டமைப்பை 1973 முதல் நடத்திய கிம் உன் யோங் பண முறைகேட்டு வழக்கில் 2004இல் தண்டனை பெற்றார். இந்தியாவிலும் தேசிய அமைப்பு எது என்று ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் உரிமை கோரி நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அதனால் நோட்டீஸில் "அங்கீகாரம் பெற்றது" என்று இருந்தால் போதாது. யாருடைய அங்கீகாரம், இந்த வருஷம் அது செல்லுமா என்று கேட்க வேண்டும்.

ஐடிஎஃப்

நான் முதல் மூன்று வருஷம் கற்றது இதுதான் என்று பெரியவனான பிறகுதான் எனக்கே புரிந்தது. ஆகவே என் பாரபட்சத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கலையாகப் பார்த்தால் எனக்கு இது பிடிக்கும்.

இதில் 24 டுல் உண்டு, ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்க. ஒவ்வொன்றுக்கும் கொரிய வரலாற்றிலிருந்து ஒரு பெயர். ஜுங்-குன் என்ற அடவில் 32 அசைவுகள். கொரியாவை ஜப்பான் விழுங்குவதில் பெரும் பங்கு வகித்த இட்டோ ஹிரோபுமியைச் சுட்டுக் கொன்று, 1910இல் தூக்கில் போடப்பட்ட ஆன் ஜுங் குன்னின் வயது அது என்று சோய் எழுதினார். தளபதி யி சுன் சின்னின் பட்டப்பெயர் கொண்ட சூங்-மூ இடது கைத் தாக்குதலோடு முடியும். அரசனுக்குக் கட்டுப்பட்டுத் தன் முழுத் திறமையையும் காட்ட முடியாமலே அவர் இறந்ததைக் குறிக்கும் முடிவு அது. பதினான்கு வயதில் இந்தக் கதைகளோடு அடவு கற்றவனுக்கு அது வெறும் உடற்பயிற்சியாக இருக்காது. மோதலில் கையால் தலைக்கும் போகலாம், அளவான அடியோடு. மார்புக் கவசம் கிடையாது, கையுறையும் கால் உறையும்தான். கை எப்போதும் முகத்தருகே நிற்கும்.

ஆனால் "ஒரிஜினல்" என்று நோட்டீஸில் போடுகிறார்களே, அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். பெயரை வைத்தவர் சோய் என்றே எடுத்துக்கொண்டாலும், அவர் பெயர் வைப்பதற்கு முன்பே கூடங்கள் இருந்தன, ஆசான்கள் இருந்தார்கள். சோயே ஜப்பானில் ஷோட்டோகான் கற்றவர். பெயர் வைத்தவருக்குக் கலை முழுவதும் சொந்தமா என்றால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அதைவிட நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. ஐடிஎஃப் என்று இன்று ஒரே அமைப்பு இல்லை. சோய் இறந்த காலத்தை ஒட்டி அது மூன்றாகப் பிரிந்தது. மகன் சோய் ஜுங் ஹ்வா ஒரு பக்கம். வடகொரியாவின் சாங் உங் ஒரு பக்கம். வியட்நாமில் பிறந்து கனடாவில் வாழ்ந்த டிரான் டிரியூ குவான் இன்னொரு பக்கம். அவர் 2010 ஹைட்டி நிலநடுக்கத்தில் இறந்துபோனார். மூன்றுக்கும் ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே சின்னம். ஒன்றின் உலகப் போட்டியில் வென்றவர் மற்றொன்றில் போய்ச் சாம்பியன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பிரிவு அடவுகளுக்குள்ளும் புகுந்தது. 24இல் ஒன்று முன்பு கோ-டாங் என்று இருந்தது. வடக்கில் கம்யூனிஸ்டுகளால் சிறை வைக்கப்பட்ட தலைவர் சோ மான் சிக்கின் பட்டப்பெயர் அது. 1980களில் சோய் அதை எடுத்துவிட்டு, வடகொரிய அரசின் கொள்கைப் பெயரான ஜூச்சே என்ற அடவை வைத்தார். இன்று சில பள்ளிகள் ஒன்றைக் கற்றுத் தருகின்றன, சில மற்றதை. ஒரு ஐடிஎஃப் மாஸ்டரிடம் "கோ-டாங்கா, ஜூச்சேயா?" என்று கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தம் பரம்பரை எவ்வளவு தெரியும் என்பது அந்தப் பதிலிலேயே வெளிப்படும்.

இரு தரப்பும் முழுப் பகையாகவே இருக்கின்றன என்றும் சொல்ல முடியாது. 2014 ஆகஸ்டில் சீனாவின் நான்ஜிங்கில் இளையோர் ஒலிம்பிக்கின்போது வேர்ல்டு டேக்வாண்டோவும் சாங் உங்கின் ஐடிஎஃப்பும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 2017இல் தென்கொரியாவின் மூஜூவில் நடந்த உலகப் போட்டியில் வடகொரிய அணி வந்து செய்முறை காட்டியது. ஆனால் இதை வைத்து நம் ஊர்ப் பிள்ளையின் ஐடிஎஃப் பெல்ட் பள்ளிப் போட்டியில் செல்லும் என்று நினைத்துவிடக் கூடாது. இன்றைக்குச் செல்லாது.

டாங் சூ டோ

இது சேர மறுத்தவர்களின் வழி. 1960களில் எல்லாரும் ஒரே சங்கத்துக்குள் வர வேண்டும் என்றபோது ஹ்வாங் கீ மறுத்தார். அவருடைய சீடர்களில் பலர் அவரை விட்டுப் பிரிந்து டேக்வாண்டோ சங்கத்தில் சேர்ந்துகொண்டார்கள். 1790இல் அரசு ஆணையால் தொகுக்கப்பட்ட கொரியப் போர்க்கலை நூலான முயே டோபோ டோங்ஜியைப் படித்துவிட்டு, தம் கலைக்கு "சூ பாக் டோ" என்ற பழைய கொரியப் பெயரைச் சூட்டினார். ஆக ஒரே ஆசானின் வழியில் இன்று டாங் சூ டோ என்பவர்கள் உண்டு, சூ பாக் டோ என்பவர்கள் உண்டு, மூ டுக் குவான் டேக்வாண்டோ என்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் "மூ டுக் குவான்" என்ற பெயரும் முஷ்டிச் சின்னமும் வணிகச் சின்னமாகப் பதிவாகி, யார் போடலாம், யார் போடக் கூடாது என்று வழக்கு நடந்திருக்கிறது. ஹாலிவுட் நடிகர் சக் நாரிஸ் 1950களின் கடைசியில் தென்கொரியாவின் ஓசான் விமானத் தளத்தில் பணியாற்றியபோது கற்றது இந்த டாங் சூ டோதான். அமெரிக்காவில் இது பரவியதற்கு அவரும் ஒரு காரணம்.

பழைய கராத்தேயின் நிதானம் இதில் அப்படியே இருக்கிறது. ஆசான் நல்லவராக அமைந்தால் அருமையான வழி. நம் ஊரில் இதற்குப் போட்டிகளும் குறைவு, சரிபார்க்கிற அலுவலகமும் தூரம். ஆசானை நம்பித்தான் எல்லாம்.

பழமை பார்த்துச் சேர்க்கலாமா

மூன்று நோட்டீஸிலும் ஒரு வாசகம் பொதுவாக இருந்தது: "2000 ஆண்டுகள் பழமையான கலை". கோகுர்யோ என்ற பழைய கொரிய அரசின் காலத்துக் கல்லறை ஓவியங்களையும் சில்லா நாட்டு ஹ்வாராங் இளைஞர்களையும் காட்டி இப்படிச் சொல்வது வழக்கம். கொரியாவில் பழங்காலத்தில் மல்லும் கைச்சண்டையும் இருந்தது உண்மை. ஆனால் அதற்கும் 1944க்குப் பிறகு திறந்த கூடங்களுக்கும் இடையில் ஆசான்-சீடன் சங்கிலி எதுவும் கிடையாது. அந்தக் கூடங்களில் முதலில் கற்றுக் கொடுத்த "பியோங்-ஆன்" அடவுகள் ஜப்பானியக் கராத்தேயின் ஹெய்யான் கட்டாக்கள்தான். பெயர் எழுத்து கூட ஒன்றுதான்.

இதைப் படித்து நாம் கொரியர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. "காஞ்சிபுரத்து போதிதர்மர் ஷாவோலினில் கற்றுக் கொடுத்ததுதான் குங்ஃபூ, அதிலிருந்துதான் கராத்தே" என்று நம் வகுப்புகளிலும் சொல்கிறார்கள், என் மாஸ்டரும் சொன்னார். போதிதர்மர் தென்னிந்தியர் என்று பழைய சீனக் குறிப்பு உண்டு. ஆனால் அவரை உடற்பயிற்சியோடு சேர்க்கிற யிஜின்ஜிங் என்ற நூல் அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் பிந்தி, 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டு அவர் தலையில் ஏற்றப்பட்டது. சின்ன வயதில் அந்தக் கதை எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பது நினைவிருக்கிறது. அதை விடுவது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் விட்டேன்.

பரம்பரை எங்கே தெரியும் என்றால் உடம்பில் தெரியும். ஒலிம்பிக் வழியில் பிள்ளை கற்கும் முதல் அடவு டேகுக் இல் ஜாங். ஐடிஎஃப்பில் முதல் டுல் சோன்-ஜி. டாங் சூ டோவில் முதல் அடவு கிச்சோ. மூன்றும் எப்படித் தொடங்கும் தெரியுமா? இடப்பக்கம் திரும்பு, இடது கையால் கீழே தடு, வலது காலை முன்னால் வைத்து வலது கையால் குத்து. மூன்றிலும் அதேதான். ஷோட்டோகான் கராத்தேயின் டைக்யோகு கட்டாவும் அப்படியே தொடங்கும். நிற்கும் நிலை மட்டும் ஒன்றில் குறுகல், மற்றதில் அகலம். எழுபது வருஷம் சங்கம் சங்கமாகப் பிரிந்தவர்கள் முதல் இரண்டு அசைவுகளை மாற்றவில்லை.

நேரில் போய்ப் பார்த்தது

அக்காவோடு மூன்று வகுப்புக்கும் போனேன். மாஸ்டர்களிடம் மரியாதையாக மூன்று கேள்வி கேட்டேன். உங்களுக்கு டான் தேர்வு வைத்தது யார்? எங்கள் பிள்ளைக்குச் சான்றிதழ் யார் பெயரில் வரும்? நாளைக்கு நாங்கள் வேறு ஊருக்கு மாறினால் அது அங்கே செல்லுமா? சிலருக்கு இந்தக் கேள்விகள் கோபம் வரவழைக்கும். வரட்டும். ஆறு வருஷம் கழித்து வருவதைவிட அது நல்லது.

டாங் சூ டோ மாஸ்டர் பெரியவர், அன்பானவர். மூன்றாவது கேள்விக்கு, "என் கையெழுத்துதாம்மா இருக்கும், வேற ஒண்ணும் இல்ல" என்று நேராகச் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரிடம் நானே சேரலாம் போலிருந்தது. ஐடிஎஃப் மாஸ்டர் ஒரு கோப்பையே எடுத்து வந்தார். எந்தக் கிளை, யார் தேர்வு வைத்தார், எந்த வருஷம் என்று வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். கோ-டாங் கேள்விக்கு அரை மணி நேரம் பேசினார். பதினைந்து பிள்ளைகள்தான், ஒவ்வொருவரின் காலையும் தொட்டுத் திருத்தினார். ஒலிம்பிக் வகுப்பில் ஐம்பது பிள்ளைகள், சத்தம், ஓட்டம். மாஸ்டர் இளைஞர். தன் குக்கிவோன் அட்டையை எடுத்து நீட்டி, "நம்பர செக் பண்ணிக்கோங்கண்ணா" என்றார். சரிபார்த்தேன், சரியாக இருந்தது.

வீடு திரும்பும் வழியில் நான் ஐடிஎஃப் என்றேன். நல்ல ஆசான் கிடைப்பது அரிது, பாப்பாவுக்கு ஒன்பது வயதுதான், போட்டி என்று வந்தால் பிறகு மாறிக்கொள்ளலாம் என்பது என் வாதம். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "மாறிக்கலாம்னு ஈசியா சொல்ற. நீ மாறினப்ப மூணு வருஷம் கத்துக்கிட்டதெல்லாம் வேண்டாம்னு சொன்னாங்கன்னு எத்தனை நாள் அழுத? அவளுக்கு மெடல் வேணும். அதுக்கான கதவு எங்க இருக்கோ அங்கயே போகட்டும்." அதற்கு என்னிடம் பதில் இல்லை. பிள்ளைக்குப் போட்டி ஆசை இருந்தால், மாஸ்டரின் எண் சரியாக இருந்தால், ஒலிம்பிக் வழிதான் என்பதை இப்போது நானும் ஏற்கிறேன். போட்டி ஆசை இல்லாத பிள்ளை என்றால் என் ஓட்டு இன்னமும் அந்தக் கோப்பு வைத்திருந்தவருக்குத்தான்.

விஜயதசமி அன்று பாப்பா சேர்ந்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து மாஸ்டருக்குக் கொடுத்தாள். இரண்டு வாரத்தில் டேகுக் இல் ஜாங்கின் முதல் பாதி வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் எனக்குச் செய்து காட்டினாள். பிறகு நான் சோன்-ஜி செய்தேன், பல வருஷம் கழித்து. இடப்பக்கம் திரும்பினேன், கீழே தடுத்தேன், காலை முன்னால் வைத்துக் குத்தினேன்.

"மாமா, இது என்னோடது. நீங்க காலை ரொம்ப அகலமா வைக்கிறீங்க" என்றாள். பக்கத்தில் வந்து நின்று, என் முன்காலைத் தன் காலால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளினாள்.